பின்னறையில் பன்னிரண்டு பெட்டி மாம்பழம்

எங்கே இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடாத என் அமுதாவுக்கு,

பெட்டிகளைத் திறந்த அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான். நீ. நான். மூன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்த உன் மகள் யாழினி. உன் அத்தை வசந்தா. தாம்பரம் மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கும் தணிகாசலம். உன் கல்லூரி சார். அவர் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக வந்து நின்ற, உனக்கு உதவிக்கு இருந்த ரேவதி. சுவரில் படமாக உன் அப்பா. உன் புருஷன் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு எதுவும் மறக்காது, அது உனக்குத் தெரியும். வசந்தா அரக்கு பார்டர் போட்ட மஞ்சள் புடவை கட்டியிருந்தாள். சாருடைய சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். நீ ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்தாய், கழுத்தெலும்பு தெரிந்தது. இவ்வளவு ஞாபகம் வைத்திருப்பவள் ஒரே ஒரு சங்கதியை மட்டும் ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் ரேவதி வந்தாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்கம்மா. அக்காவோட ஆராய்ச்சியை அச்சுக்குக் கொடுக்கறப்போ நான் அப்படியே சேர்த்துடறேன்" என்றாள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள் யாரைப் பார்த்து எழுதுவேன்? உன்னைப் பார்த்து எழுதினால்தான் எனக்குக் கை ஓடும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

படிப்பவர்களுக்கு முதலில் அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பங்கனப்பள்ளி மாங்காய், நல்ல முற்றல், கல்லாட்டம் பச்சை. பன்னிரண்டு பெட்டி. ஆறு பெட்டிக் காயை நீ கலக்கிக் கொண்டுவந்த மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தோம். ஆறு பெட்டிக் காயை வெறும் தண்ணீரில். துணியில் பரப்பி ஃபேன் காற்றில் உலர்த்தி, செய்தித்தாள் விரித்து அடுக்கினோம். மருந்துக்கு நீலக் கோடு, வெறும் தண்ணீருக்குச் சிவப்புக் கோடு. சாக்பீஸால் கோடு போட்டது நான். என் கோடு கோணல் என்று நீ சிரித்தாய்.

மருந்து என்று நான் சொன்னால் உனக்குப் பிடிக்காது. "மருந்து இல்லம்மா, ஹார்மோன். செடி தனக்குத் தானே செஞ்சுக்கிறதுதான். நான் வெளியேர்ந்து கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன், அவ்ளோதான்."

"செடிக்கு எதுக்குடி ஹார்மோன்? அது என்ன வயசுக்கா வரப்போவுது?"

"வருதே! காய் பழமாகுதே, அது என்னவாம்?" என்றாய். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மாங்காயைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாய். "பறிச்சுட்டா காய் செத்துப்போச்சுன்னு நீ நெனைக்கிற. இல்ல. மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கு. மரத்துக்கிட்டேர்ந்து இனிமே ஒண்ணும் வராது. உள்ள இருக்கிறத வச்சுக்கிட்டு தனியா சமாளிக்கணும்."

இந்த ஒரு வார்த்தையை இப்போது எத்தனை முறை நினைத்துக்கொள்கிறேன் தெரியுமா?

பூ விடுகிற காலத்து ஈரத்திலேயே பூஞ்சை உள்ளே புகுந்துவிடுமாம். காய் பச்சையாக இருக்கிறவரை அது தூங்குமாம். பழுக்கப் பழுக்கக் காயின் பலம் குறையும். அப்போது முழித்துக்கொண்டு கருப்புப் புள்ளியாக வெளியே வருமாம். பழுக்கிற பழம் விடுகிற மூச்சில் எத்திலீன் என்று ஒரு காற்று இருக்கிறது, அதுவும் ஹார்மோன்தான், பக்கத்துக் காயைத் தொட்டு 'நீயும் பழு' என்று சொல்லும் என்றாய். நீ முக்கி எடுத்தது சாலிசிலிக் அமிலத்தில். தலைவலி மாத்திரைக்கு ஒன்றுவிட்ட அக்கா. அது காயிடம் போய், 'எதிரி வருகிறான், எழுந்து நில்' என்று சொல்லுமாம்.

"அப்போ மாங்காய்க்குத் தடுப்பூசியா?" என்றேன். "கிட்டத்தட்ட" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்தில் வர வேண்டிய வெளிச்சம் உனக்கு மாங்காயிடம் வந்தது.

கல்லூரியில் இரண்டு தடவை செய்து பார்த்துச் சரியாக வந்திருந்தது. ஆனால் அங்கே குளிரூட்டிய அறை. தணிகாசலம் போன்றவர்களிடம் அந்த அறை ஏது? சாதாரண வீட்டில், சாதாரண வெயிலில் பத்து நாள் தாங்குகிறது என்று காட்டினால் அவர் தன் குடோனைத் தருவார். மார்க்கெட்டில் மற்றவர்களும் நம்புவார்கள். அதைப் பார்த்துத்தான் கல்லூரியில் உன் தற்காலிக வேலையை நீட்டிக்க சார் எழுதிக் கொடுப்பார். அதற்காகத்தான் வெயில் படாத நம் பின்னறை.

நான்கு நாள் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து வந்து பார்த்தாய். ஐந்தாம் நாள் உனக்குக் காய்ச்சல். போனில் இரண்டே இரண்டு விஷயம் சொன்னாய். ஜன்னலைச் சாத்தாதே. வேறு பழம் எதையும் உள்ளே வைக்காதே.

ஆறாம் நாள் சாயங்காலம் வசந்தா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட இரண்டு பூவன் தார். அவள் மகன் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலப் பையில் போடுவதற்கு. காம்பில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள்.

"அண்ணி, எங்க வூடு மாடி மேல, அனல் அடிக்குது. மண்டபத்துல மொத நாள் சாயங்காலம்தான் சாவி குடுப்பாங்களாம். உங்க பின்னறதான் ஜில்லுனு இருக்கும்."

"அதுல அமுதாவோட பெட்டி இருக்கு வசந்தா. வேற பழம் வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"ஓரமா கெடக்கட்டும் அண்ணி. என் வாழத்தாரு இன்னா அவ மாங்காயக் கடிக்கவா போவுது?"

மஞ்சள் குங்குமம் வைத்து வந்த பொருளை வாசலோடு எப்படித் திருப்பி அனுப்புவது? அதுவும் நாத்தனார் வீட்டுக் காரியத்துக்கு? உன் அப்பா இருந்திருந்தால் அவரே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்திருப்பார். நான் நகர்ந்து வழிவிட்டேன். போகும்போது அவள் சொன்னாள்: "காயா கீது அண்ணி. ரெண்டு ஊதுபத்தி கொளுத்தி வச்சு ஜன்னலச் சாத்திடுங்க, பட்டுனு பழுத்துடும்."

இதுவரை நடந்ததைத்தான் நான் ஊர் முழுக்கச் சொன்னேன். இனிமேல் வருவதை யாரிடமும் சொல்லவில்லை, நீயேதான் கண்டுபிடித்தாய்.

உன் கல்யாணத்தன்று, சம்பந்தி வீட்டார் காது கேட்க, தாம்பூலப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்து, "எங்க அண்ணி குடுத்த வாழப்பழம் கல்லு மாதிரி கீது, பார்த்துக் கடிங்க, பல்லு போயிடும்" என்று சொன்னவள் வசந்தா. பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்தத் தாரைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. என் வீட்டில் வைத்த தார் பழுக்கவில்லை என்று இன்னொரு மண்டபத்தில் அவள் வாய் திறக்கக் கூடாது. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டு ஊதுபத்தி இல்லை அமுதா. ஒரு கட்டு. காலையில் நான்கு, சாயங்காலம் நான்கு. தாரிலிருந்து ஒரு காயைப் பிய்த்து, அதில் குத்தி நிறுத்தினேன். புகை வெளியே போகாதபடி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணி செருகினேன். பெருச்சாளி வரும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் நீ போன் செய்தாய். குரலே வரவில்லை உனக்கு. "ஜன்னல் திறந்துதானே இருக்கும்மா?"

"திறந்துதான் இருக்கு. நீ பேசாமப் படு" என்றேன். சொல்லும்போது என் கையில் தீப்பெட்டி இருந்தது.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் வசந்தாவின் ஆட்கள் வந்து தாரைத் தூக்கிப் போனார்கள். பொன் மாதிரி பழுத்திருந்தது. ஜன்னலைத் திறந்து, அறையைப் பெருக்கி, சாம்பலைத் துடைத்தேன். பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்றுதான் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் எல்லோரும் வந்தீர்கள். நிச்சயதார்த்தம் முடித்த கையோடு வசந்தாவும் வந்துவிட்டாள், வீட்டுக்குத் தாம்பூலப் பை கொடுக்க. நீ முதலில் சிவப்புக் கோட்டுப் பெட்டியைத் திறந்தாய். மஞ்சளாகி, தோல் தொய்ந்து, கருப்புப் புள்ளி. "இது எதிர்பார்த்ததுதான் சார்" என்று சொல்லிவிட்டு நீலக் கோட்டுப் பெட்டியைத் திறந்தாய். அதுவும் மஞ்சள். அதிலும் புள்ளி. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறாவது பெட்டியை நீ திறக்கவே இல்லை.

தணிகாசலம்தான் முதலில் பேசினார். "இன்னாக்கா இது, நீலக் கோடும் அதே கலரு, செவப்புக் கோடும் அதே கலரு! பாப்பா, தப்பா நெனச்சுக்காத. என் குடோன்ல ஒண்ணும் பண்ணாமக் கெடக்கிற பழமே இத விட நல்லா தாங்கும்."

சார் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு?" என்று உன்னைக் கேட்டார்.

அதற்குள் வசந்தா பையைப் பிரித்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தாள். எனக்கும். சாருக்கும். தணிகாசலம் உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "இது இன்னாமா பழுத்துகீது! பூவன்னா இதான் பூவன். எங்க வச்சுப் பழுக்க வச்சீங்கோ?" என்றார். வசந்தா வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

நீ அந்தப் பழத்தை உரிக்காமல் மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு மெதுவாகக் குனிந்தாய். பெஞ்சுக்கு அடியில், சுவரோரம், நான் பெருக்கும்போது தப்பிய ஒரு வாழைக்காய் கிடந்தது. உடம்பெல்லாம் ஓட்டை. ஓர் ஓட்டையில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி.

நீ நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாய். இடுக்கில் துணியின் நூல் ஒன்று தொங்கியது. அதற்கப்புறம் என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"என் தப்புதான் சார்" என்றாய். "கரைசல் அளவு மாறிப்போயிருக்கும்."

ரேவதி, "அக்கா, அது..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "எழுதிக்கோ ரேவதி" என்றாய். கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்து யாழினிக்கு ஊட்டினாய். "இனிப்பா இருக்கும்மா" என்றது குழந்தை.

எல்லோரும் போனபிறகு நான் என்ன செய்தேன்? வசந்தாவைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் தாரால்தான் எல்லாம் போயிற்று, வேண்டுமென்றே செய்தாள், உன் படிப்பு அவள் கண்ணை உறுத்தியது என்றேன். நீ பெட்டியைக் காலி செய்துகொண்டே, "விடும்மா" என்று மட்டும் சொன்னாய். அன்றிலிருந்து நான் வசந்தாவிடம் பேசவில்லை.

உன் வேலை நீளவில்லை. கிண்டிப் பக்கம் ஊறுகாய் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனாய். எப்படியிருக்கிறது வேலை என்று கேட்டேன். "நல்லாருக்கும்மா. அங்க இருக்கிற காய் எதுக்கும் உயிர் இல்ல, அதனால நோயும் வராது" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன மனுஷி நான்?

அதற்கப்புறம் உன் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. டாக்டர்கள் ஒரு பெயர் சொன்னார்கள்; ரொம்ப நாளாகவே உள்ளே இருந்திருக்கும் என்றார்கள். பச்சையாக இருக்கிறவரை தூங்கும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாங்காய்க்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நீ, உன் உடம்புக்கு ஏனடி 'எதிரி வருகிறான்' என்று சொல்லவில்லை? திருநீர்மலைப் படியெல்லாம் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டே ஏறினேன். பெருமாள் படுத்த வாக்கிலேயே கேட்டுக்கொண்டார். நான் மன்னிக்கக் கூடாதவர்கள் என்று மனசில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன், அதில் அவரையும் சேர்த்துவிட்டேன்.

நீ போய் மூன்று வருஷம். மாப்பிள்ளை வேலை மாற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். யாழினி ஒன்பதாவது முடித்துவிட்டாள், உன்னை விட ஓர் அங்குலம் உயரம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "சாப்டீங்களா பாட்டி? என்ன பண்றீங்க பாட்டி?" அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. வைக்கவும் மனசு வராது. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும்.

மாடம்பாக்கத்தில் நம் தெருவை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. இரண்டு பக்கமும் அடுக்குமாடி. மேலே துணி உலர்த்துகிறவர்கள் நம் வீட்டை எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு தம்ளர் அரிசி வடித்தால் எனக்கு மூன்று வேளைக்கு ஆகிறது. பகலில் விமானப்படை விமானம் தலைக்கு மேலே சுற்றுகிறபோதுதான் வீட்டில் பாத்திரம் அதிரும். அது போய்விட்டால் ஒன்றுமில்லை. கோபம் மட்டும் கூடவே இருந்தது. காலையில் எழுந்ததும் வசந்தாவை நினைத்து நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

அப்படி இருந்தபோதுதான் ரேவதி வந்தாள். ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் இப்போது. நீ தொடங்கிய வேலையை முழுசாக எழுதப் போகிறாளாம், உன் பெயரை முதலில் போட்டு. ஒரு பக்கம் மட்டும் இடிக்கிறதாம். உன் நோட்டைத் திறந்து வாசித்துக் காட்டினாள்: "வீட்டறைச் சோதனை தோல்வி. காரணம், கரைசல் அளவில் என் பிழை."

"இத அப்படியே விட்டா, மத்த ரெண்டு சோதனையிலும் அக்கா அளவு தப்பா போட்டிருப்பாங்கன்னுதான் படிக்கிறவங்க நெனைப்பாங்க. எல்லாமே சந்தேகமாயிடும்மா. ஆனா அந்தக் கரைசலை நான் கூட நின்னு கலக்கினேன். அளவு சரியாத்தான் இருந்துச்சு. அக்கா ஏன் இப்படி எழுதினாங்க?"

"எல்லாம் அவ அத்தை கொண்டாந்த வாழைத்தார்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை. ஆறு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய்.

"வாழைத்தாரா? எத்தனை நாள்?" நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆனா ஜன்னல் திறந்திருந்தா அந்தக் காத்து பாதி வெளிய போயிருக்குமே. நீலப் பெட்டி கொஞ்சமாவது தாங்கியிருக்கணுமே..." என்று யோசித்தபடி நோட்டை மறுபடி புரட்டினாள். அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த மாதிரி ஒன்று இருந்தது. எடுத்து என்னிடம் நீட்டினாள். மெலிசாக, சிவப்புச் சாயம் பூசிய மூங்கில் குச்சி. "அக்கா சாமி கும்பிடற ஆளே இல்லையே. இதை ஏன் வச்சிருந்தாங்க?"

அமுதா, நீ எழுதியது பொய். ஆனால் குச்சியைத் தூக்கிப் போட உனக்கு மனசு வரவில்லை. உன் படிப்பு உன்னை விடவில்லை.

ரேவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கட்டு ஊதுபத்தி. சாத்திய ஜன்னல். செருகிய துணி. போனில் சொன்ன பொய். அவள் திட்டவில்லை. "குடோன்ல பழுக்க வைக்க இதையேதாம்மா பண்ணுவாங்க. அந்தப் புகையிலயும் எத்திலீன் இருக்கு. தாரும் புகையும் சேர்ந்து, மூடின ரூம்ல மூணு நாள்... எந்தக் காயும் தாங்காது. அக்கா வேலைல ஒரு தப்பும் இல்ல" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை வாழைத்தார்தான் பெரிய காரணம் என்று என்னை நானே நம்ப வைத்திருந்தேன். நான் செய்ததுதான் பெரிசு என்று அன்றைக்குத்தான் தெரியும்.

தாளில் எழுதினால் வசந்தாவின் பெயரும் வரும். அவளுக்குத் தெரியாமல் எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. மறுநாள் பெருங்களத்தூர் போனேன். அந்தச் சாலையைக் கடக்கவே அரை மணி நேரம். மாடி ஏறி மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முட்டி வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா அண்ணி, வழி மாறி வந்துட்டீங்களா?"

"உள்ள வான்னு சொல்ல மாட்டியா?"

"ஆறு வருசமா நீங்கதான வரல. நானா கதவச் சாத்துனேன்?"

சாத்தியது என்ற வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஜன்னலைச் சாத்தினது நான்தான் வசந்தா. அமுதா சாத்தாதேன்னு சொல்லியும் சாத்தினேன். ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்தினதும் நான்தான். உன் மேல பழியைப் போட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள்.

"யார் சொன்னா?"

"வேற யாரு, நம்ம அமுதாதான். அன்னிக்கே பஸ் ஸ்டாண்டுலேர்ந்து போன் பண்ணா. ஊதுபத்தி யார் சொன்னதுன்னு கேட்டா, நாந்தான்னேன். 'அத்தை, அம்மா உங்கள ஏசுவாங்க. ஏசட்டும், பொறுத்துக்கோங்க. நீங்க பதிலுக்கு ஜன்னல், ஊதுபத்தின்னு எதையும் எடுத்துடாதீங்க. யார் மேலயாச்சும் கோவம் இருந்தா அம்மா நல்லாருப்பாங்க. தன்னாலதான்னு தெரிஞ்சா ஒடைஞ்சுபோயிடுவாங்க'ன்னா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ காரியத்தன்னிக்கு எல்லார் எதிர்லயும் எம் மொகத்தப் பாக்காம திரும்பினீங்களே அண்ணி, அப்பகூட நான் வாயத் தொறக்கல. புள்ளகிட்ட குடுத்த வாக்கு."

நான் உள்ளே போய் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

பிறகு அவளே, "ஆனாலும் நான் ரெண்டு குச்சிதான் சொன்னேன். உங்கள யாரு ஒரு கட்டு கொளுத்தச் சொன்னது?" என்றாள்.

"உன் பழம் கல்லு மாதிரி இருந்தா மண்டபத்துல நீ சும்மா இருந்திருப்பியா?"

"அடக் கடவுளே, அத இன்னுமா வச்சுகினு கீறீங்க?" என்றாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, நானும்தான். காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை போதவில்லை. சொல்லவில்லை.

இப்போது சேதி கேள். பின்னறையில் மறுபடியும் பன்னிரண்டு பெட்டி மாங்காய் இருக்கிறது. தணிகாசலமே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். எரிந்த குச்சியை அவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு அந்தப் பழத்த வாய் நெறையத் துன்னுட்டு பாப்பாவப் பேசிட்டேனேக்கா" என்றார். அவர் மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். ரேவதி கரைசலைக் கலக்கினாள். கோடு போட்டது நான்தான். இன்னும் கோணல்தான்.

இன்றைக்கு நான்காம் நாள். ஜன்னல் கதவைத் தச்சரைக் கூப்பிட்டுக் கழற்றி வெளியே வைத்துவிட்டேன். வலை மட்டும் அடித்திருக்கிறது. வீட்டில் ஊதுபத்தி கிடையாது. சாமிக்கு விளக்கு போதும். வசந்தா சாயங்காலத்தில் போன் செய்து, "அண்ணி, காய் எப்டி கீது?" என்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். நீ சொன்னது சரிதான், காய் மூச்சு விடுகிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எனக்குத் தெரிகிறது. இந்த வீட்டில் இப்போது மூச்சு விடுவது நான் மட்டும் இல்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பத்தாம் நாள் நானே திறந்து பார்ப்பேன். நீலக் கோடு தாங்கியிருந்தால் தாங்கியது என்று எழுதுவேன். அழுகியிருந்தால் அழுகியது என்று எழுதுவேன். நீ செய்தது பொய்யாகப் போகட்டும், மெய்யாகப் போகட்டும், அதை மாங்காய் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். ஜன்னல் திறந்திருக்கிறதா என்று இனி யார் கேட்டாலும், எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகக் கோடு போட்டு அடித்துவிட்டேன். வசந்தாவை அடித்தாயிற்று. தணிகாசலத்தை, சாரை, வராமல் போன மாப்பிள்ளையை அடித்தாயிற்று. பெருமாளையும் அடித்துவிட்டேன், படுத்திருக்கிறவரிடம் என்ன சண்டை? என்னையும் மெல்ல மெல்ல அடித்துக்கொள்ளலாம் என்று ரேவதி சொல்கிறாள்.

ஒருத்தியை மட்டும் முடியாது. அன்றைக்கு அந்த ஓட்டைக் காயை எல்லோருக்கும் நடுவில் தூக்கிக் காட்டி, "ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கத்தியிருக்கலாம். ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை வாய் நிறையத் திட்டியிருந்தால் அந்தத் திட்டாவது இப்போது என்னிடம் இருந்திருக்கும். அதையும் தராமல், என் பிழையைத் தன் நோட்டில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டாள் அவள். தாய் தாங்க மாட்டாள் என்று நினைத்தாளே, அவளை நான் மன்னிக்கவே மாட்டேன். அவள் பெயர் அமுதா.

இன்னும் உன் திட்டுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
தனலட்சுமி